இடுப்பு முறிவும் உள்ளே வைக்கும் உலோகமும்: நிலைத்து நிற்பது எதனால்?

யாழ்ப்பாணத்தில் "ஆச்சிக்கு இடுப்பு முறிஞ்சு போச்சு" என்று சொல்லும்போது, பெரும்பாலும் முறிந்திருப்பது இடுப்பெலும்பு அன்று, தொடையெலும்பின் மேல்நுனி. தொடையெலும்பு நேராக மேலேறி இடுப்புக்குள் புகுவதில்லை. அதன் தண்டு முடியும் இடத்தில் வெளிப்புறம் ஒரு பெரிய புடைப்பும் உட்புறம் ஒரு சிறிய புடைப்பும் இருக்க, அங்கிருந்து உள்நோக்கிச் சாய்ந்து ஒரு கழுத்துப் புறப்பட்டு, அதன் முனையில் பந்து போன்ற தலை அமைந்திருக்கிறது. அந்தத் தலைதான் இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் பொருந்திச் சுழல்கிறது. தண்டுக்கும் கழுத்துக்கும் இடைப்பட்ட கோணம் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 130 பாகை. மனிதர் நிமிர்ந்து நடப்பதற்கு உதவும் இந்த வளைவுதான், முறிந்தபின் பொருத்திவைப்பதைக் கடினமாக்குவதும்.

சத்திரசிகிச்சை என்று முடிவானதும் எங்கள் வீடுகளில் பேச்சு உடனே உலோகத்துக்குத் தாவிவிடுகிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியில் முதலில் கேட்பது, "எந்தக் கொம்பனிச் சாமான் வைக்கினம், இதைவிட நல்லது இருந்தாச் சொல்லுங்கோ, காசு அனுப்புறம்" என்பதுதான். தாய்க்குச் செய்வதில் ஒரு குறையும் இருந்துவிடக் கூடாது என்ற தவிப்பில் பிறக்கும் கேள்வி அது. ஆனால் வைத்த உலோகம் நிலைத்து நிற்குமா, தளர்ந்து போகுமா என்பதைத் தீர்மானிக்கும் காரணங்களுள் அதன் பெயரும் விலையும் பின்வரிசையிலேயே நிற்கின்றன. முன்வரிசையில் நிற்பவை எலும்பின் தன்மையும், முறிவின் வடிவமும், துண்டுகள் எவ்வளவு நேர்த்தியாகச் சேர்த்து வைக்கப்பட்டன என்பதும், உலோகம் எலும்புக்குள் எந்த இடத்தில் போய் நிற்கிறது என்பதும் ஆகும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிசன் வைத்தியர் மேலைமருத்துவத்தைத் தமிழில் கற்பித்து வைத்தியர்களை உருவாக்கினார். அந்த மண்ணில் இந்த விடயத்தையும் நல்ல தமிழில் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

முதலில் அந்த மூட்டு தாங்கும் சுமையைப் பார்க்க வேண்டும். துலாவில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு நெம்புகோலின் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடுகாலின் மேல் தாங்கிய துலாவின் நீண்ட பக்கத்தில் தொங்கும் சிறிய பாரத்தைச் சமன்செய்யக் குறுகிய பக்கத்தில் பெரிய பாரம் வேண்டும். இரண்டு பாரங்களையும் சேர்த்துத் தாங்குவது ஆடுகால். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டு அந்த ஆடுகாலின் நிலையில் இருக்கிறது. உடலின் பாரம் மூட்டிலிருந்து தொலைவில், உடலின் நடுக்கோட்டை அண்டி இறங்குகிறது. அந்தப் பக்கம் சாய்ந்து விழாமல் மறுபுறத்தில் இழுத்துப் பிடிக்கும் தசைகளோ மூட்டுக்கு மிகக் கிட்ட, பெரிய புடைப்பில் வந்து பிணைந்திருக்கின்றன. ஆகவே அத்தசைகள் உடற்பாரத்தைவிடக் கூடிய விசையுடன் இழுக்க வேண்டியிருக்கிறது. உடற்பாரமும் தசை இழுவையும் சேர்ந்து தொடையெலும்பின் தலையில் இறங்குகின்றன. இது வெறும் கணக்கு மட்டும் அன்று. செயற்கை மூட்டுக்குள்ளேயே உணரிகளைப் பொருத்தி பேர்லினில் கேயோர்க் பேர்க்மானின் குழு 2001 இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, சாதாரண நடையில் மூட்டில் இறங்கும் விசை உடல்நிறையின் 2.4 மடங்கு அளவில் இருந்தது. படியேறும்போதும் இறங்கும்போதும் அது 2.5 மடங்கையும் கடந்தது. அதே குழு அதற்குமுன் அளந்த ஒரு தடுக்கலில் விசை 8 மடங்கையும் தாண்டியது. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் வீட்டு விறாந்தையில் வைக்கும் ஒவ்வோர் அடியிலும் அந்தக் கழுத்தின் மேல் ஏறத்தாழ 145 கிலோகிராம் பாரம் வந்து போகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஊன்றுகோலை நொந்த காலின் பக்கத்தில் பிடிப்பது பலருக்கு இயல்பாக வருகிறது. துலாவின் கணக்கு அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. கோலை மறு கையில் பிடித்தால் அது மூட்டிலிருந்து வெகு தொலைவில் நின்று தாங்குகிறது. அதனால் சிறு ஊன்றலே தசைகளின் இழுவையைப் பெருமளவு குறைத்து, மூட்டில் இறங்கும் பாரத்தையும் குறைத்துவிடுகிறது. படுக்கையில் கிடந்தால் பாரமே இல்லை என்ற எண்ணமும் சரியன்று. மலச்சட்டி வைப்பதற்காக இடுப்பை உயர்த்தும்போதும், கட்டிலில் புரளும்போதும் அதே தசைகள் மூட்டை இறுக்கி அழுத்துகின்றன.

இனி எலும்பு. பனையைத் தறித்துச் சிலாகை எடுப்பவர்கள் வெளிவட்டத்தில் கறுத்து இறுகிய வைரத்தையும் நடுவிலுள்ள மெதுவான சோற்றையும் பிரித்தறிந்துதான் வேலை செய்வார்கள். வைரத்தில் ஆணி பிடிக்கும். சோற்றில் இறங்கும், ஆனால் நிற்காது. தொடையெலும்பின் தண்டில் வைரம் போன்ற தடித்த ஓடு இருக்கிறது. மேலே போகப்போக அந்த ஓடு மெலிந்து, கழுத்தையும் தலையையும் கடற்பஞ்சு போன்ற எலும்பு நிரப்புகிறது. ஆனால் பனஞ்சோற்றுக்கு இல்லாத ஓர் ஒழுங்கு இந்தப் பஞ்செலும்புக்கு உண்டு. 1866 இல் சூரிச்சில் உடற்கூற்றியலாளர் ஹேர்மன் வொன் மேயர் காட்டிய தொடையெலும்பின் குறுக்குவெட்டைப் பார்த்த பொறியியலாளர் கார்ல் குல்மான், வளைந்த பாரந்தூக்கி ஒன்றுக்குத் தாம் வரையும் தகைப்புக் கோடுகள் போலவே அதன் உள்ளிழைகள் ஓடுவதைக் கண்டார். அழுத்தம் செல்லும் வழியில் ஒரு கட்டு இழைகள், இழுவை செல்லும் வழியில் இன்னொரு கட்டு. இரண்டும் தலையின் நடுவில் ஒன்றையொன்று கடக்கின்றன. முதுமையில் எலும்பு நலியும்போது இந்த இழைகள் எல்லாம் ஒருசேரக் கரைவதில்லை; இழுவை இழைகள் முன்னரும் முதன்மையான அழுத்த இழைகள் கடைசியிலும் மறைகின்றன. எனவே மிகவும் நலிந்த எலும்பிலும் திருகாணி பற்றிக்கொள்ளத்தக்க ஓரளவு திடமான இடம் எஞ்சியிருப்பது தலையின் நடுப்பகுதியில்தான். கழுத்தின் அடியில் இழைகளுக்கு நடுவே இயல்பாகவே ஒரு வெற்றிடம் உண்டு; அங்கு எந்தத் திருகாணிக்கும் பிடிமானம் இல்லை.

முறிவு எந்த இடத்தில் நேர்ந்தது என்பதைப் பொறுத்து வைத்தியம் இரண்டு பெரும் வழிகளாகப் பிரிகிறது. கழுத்திலேயே முறிந்தால் அந்த முறிவு மூட்டுறைக்குள் அகப்பட்டுவிடுகிறது. தலைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள் பெரும்பாலும் கழுத்தின் மேற்பரப்பை ஒட்டி ஏறிச் செல்வதால், துண்டுகள் விலகும்போது அவையும் கிழிந்துபோகலாம். அப்போது பொருத்தி வைத்தாலும் தலை பட்டுப்போகும் அபாயம் இருக்கிறது. இதனோடு முறிவுக் கோட்டின் சாய்வும் சேர்கிறது. 1935 இல் பிரிட்ரிக் பௌவெல்ஸ் காட்டியபடி, கழுத்தின் முறிவுக் கோடு கிடையாக இருந்தால் உடற்பாரம் இரு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்துகிறது. செங்குத்தாக நிமிர நிமிர அதே பாரம் ஒன்றின்மேல் மற்றதைச் சறுக்கித் தள்ளுகிறது. கோடு 50 பாகையைத் தாண்டிய முறிவுகள் அடங்கிக் கிடப்பதில்லை.

விலகாத முறிவுகளிலும் இளவயதினரிலும் தலையைக் காப்பாற்ற மூன்று திருகாணிகளை ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, தலைகீழ் முக்கோண வடிவில் செலுத்துவது வழக்கம். சமாந்தரம் தவறினால் துண்டுகள் ஒன்றையொன்று நெருங்க வழியில்லாமல் திருகாணிகளே குறுக்கே நின்றுவிடும். அடியில் செல்லும் திருகாணி கழுத்தின் கீழ் ஓட்டில் படிந்து செல்ல வேண்டும். அதே வேளை, அது தொடையெலும்புக்குள் நுழையும் துளை சிறிய புடைப்பின் மட்டத்துக்குக் கீழே போய்விடக் கூடாது, ஏனெனில் தண்டின் வெளிப்புறத்தில் இழுவை மிகுந்த அந்த இடத்தில் இட்ட துளையிலிருந்து புதிய முறிவு தொடங்கிவிடலாம். இந்த மூன்று திருகாணிகளையும், தகட்டோடு சேர்ந்த ஒற்றைப் பெரிய திருகாணியையும் ஒப்பிட்டு 8 நாடுகளில் 1108 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2017 இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடியும் சத்திரசிகிச்சை தேவைப்பட்டவர்களின் அளவு இரு பக்கத்திலும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகவே இருந்தது. பொருளை மாற்றியதால் மட்டும் பெரிய வேறுபாடு வரவில்லை.

வயது முதிர்ந்தவர்களில் கழுத்து முறிந்து விலகியிருந்தால், பொருத்தும் முயற்சியை விட்டுத் தலையையே எடுத்துவிட்டு உலோகத் தலை வைப்பதே பொதுவாக ஏற்றது. அங்கு எலும்பு கூடும்வரை காத்திருக்கும் தேவை இல்லாததால் நிலைப்புப் பற்றிய கேள்வியே வேறாகிவிடுகிறது. உலோகத் தண்டைச் சுற்றி இடும் எலும்புச் சீமெந்து ஒட்டும் பசை அன்று; மேசன்மார் கல்லிடைவெளியில் இடும் சாந்துபோல, பஞ்செலும்பின் கண்களுக்குள் புகுந்து இறுகி இடைவெளியை நிரப்புவது. மறுநாளே முழுப் பாரத்தையும் அது தாங்கும்.

இரண்டாவது வழி, இரு புடைப்புகளுக்கும் ஊடாகச் செல்லும் முறிவுக்குரியது. இங்கு குருதியோட்டம் தாராளமாக இருப்பதால் எலும்பு கூடிவிடும். அது கூடும்வரை துண்டுகளை எப்படி நிறுத்திவைப்பது என்பதுதான் பிரச்சினை. உலோக நிலைப்பின் கதை உண்மையில் இங்குதான் விரிகிறது.

பொஸ்ரனில் ஸ்மித் பீற்றர்சன் மூன்று இதழ்களுள்ள ஆணியைக் கழுத்து முறிவுக்குப் பயன்படுத்தி 1931 இல் எழுதியதன் பின், புடைப்பு முறிவுகளுக்கும் ஆணியும் தகடும் சேர்ந்த பொருள்கள் வந்தன. 1941 இல் வெளிவந்த ஜூவெற்றின் ஆணியில், தலைக்குள் செல்லும் ஆணியும் தண்டில் படியும் தகடும் ஒரே வார்ப்பாக, அசையாத கோணத்தில் இணைந்திருந்தன. பார்வைக்கு இதைவிட உறுதியானது வேறில்லை. ஆனால் நொறுங்கிய எலும்பு அப்படியே நிற்பதில்லை. நடக்கத் தொடங்கியதும் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி அமர்கின்றன. எலும்பு இறங்கும்போது ஆணி இறங்க மறுத்தால், தலை கீழே வர ஆணியின் முனை தலையைத் துளைத்துக்கொண்டு மூட்டுக்குள் புகுந்துவிடும், அல்லது ஆணி வளைந்து உடையும். அசையாமல் இருப்பதே நிலைப்பு என்று கருதியதன் விலை அது.

அதற்கு விடையாக வந்தது வழுக்கும் திருகாணி. ஜேர்மனியின் கீல் நகரைச் சேர்ந்த ஏர்ன்ஸ்ற் போல் 1951 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1964 இல் அமெரிக்காவில் கிளோசன் அதன் பயன்பாட்டை விரித்தெழுதினார். இன்று எங்கள் வைத்தியசாலை விடுதிகளில் "டி.எச்.எஸ்." என்று சொல்வது இதன் வழித்தோன்றலைத்தான். தண்டின் வெளிப்புறத்தில் படியும் தகட்டோடு ஒரு குட்டைக் குழல் இணைந்திருக்கிறது. தலையைப் பற்றிய தடித்த திருகாணியின் வால்பக்கம் அந்தக் குழலுக்குள் முன்பின்னாக வழுக்கிச் செல்லலாம், ஆனால் சாயவோ சுழலவோ முடியாது. உடற்பாரம் தலையை அழுத்தும்போது திருகாணி குழலுக்குள் சில மில்லிமீற்றர் பின்வாங்குகிறது. துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கி அமர்கின்றன. அமர்ந்தபின் பாரத்தின் பெரும்பங்கை எலும்பே தாங்கிக்கொள்கிறது. உலோகம் பாரத்தைத் தனியே சுமக்காமல் எலும்போடு பங்கிட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை, இந்தத் துறை கண்ட மிக அழகான சிந்தனைகளுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன். அசைவைத் தடுப்பதற்குப் பதிலாக அதற்கு ஒரே ஒரு திசையைத் திறந்துவிட்டு, மற்றத் திசைகளையெல்லாம் பூட்டிவிட்டார்கள்.

இந்த வழுக்கல் நடப்பதற்கு நிபந்தனைகள் உண்டு. மூட்டு விசை நேர்கீழாக இறங்காமல் தண்டுக்கு ஏறத்தாழ 160 பாகைக் கோணத்தில் சாய்ந்து இறங்குகிறது. திருகாணியோ வழக்கமாக 135 பாகையில் நிற்கிறது. ஆகவே விசையின் ஒரு பங்கு திருகாணியின் வழியே சென்று அதை வழுக்கச் செய்ய, மறு பங்கு குறுக்கே அழுத்தி அதை வளைக்கப் பார்க்கிறது. வளைவு மிகுந்தால் திருகாணி குழலின் வாயில் இறுகி நின்றுவிடும். வழுக்கல் நின்ற அக்கணமே அது பழைய ஜூவெற் ஆணியாக மாறிவிடுகிறது. 150 பாகைத் தகடு விசையின் வழிக்குக் கிட்டியது என்றாலும், அந்தக் கோணத்தில் திருகாணியைத் தலையின் நடுவுக்குக் கொண்டுபோவது கடினம் என்பதால் 135 பாகையே நிலைபெற்றது. குழலுக்குள் திருகாணியின் போதிய நீளம் இருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான். ஆழம் குறைந்த குழியில் நட்ட கப்பு ஆடுவதுபோல், குறைவாகப் புகுந்த திருகாணி சாய்ந்து இறுகும்.

துண்டுகள் அமர்வதற்கு எதிரே ஒரு சுவரும் வேண்டும். பெரிய புடைப்புக்குக் கீழே தொடையெலும்பின் வெளிச்சுவர் முழுதாக இருந்தால், உள்ளே வரும் தலைத்துண்டு அதில் முட்டி நின்றுவிடும். அந்தச் சுவர் ஏற்கெனவே உடைந்திருந்தாலோ, மெலிந்திருந்து சத்திரசிகிச்சையின்போது இடும் பெரிய துளையாலேயே உடைந்தாலோ, நிறுத்துவதற்கு ஒன்றுமில்லாமல் வழுக்கல் எல்லை கடந்து, தண்டு உள்நோக்கி நழுவி, கால் குட்டையாகிவிடும். முறிவுக் கோடு வழக்கத்துக்கு மாறாக உட்புறத்திலிருந்து வெளிப்புறம் கீழ்நோக்கி ஓடும் தலைகீழ்ச் சாய்வு முறிவில், திருகாணி வழுக்கும் திசையும் முறிவுக் கோடும் ஏறக்குறைய ஒரே போக்கில் அமைந்துவிடுவதால், வழுக்கல் துண்டுகளைச் சேர்ப்பதற்குப் பதிலாகப் பிரிக்கிறது. அத்தகைய முறிவில் டி.எச்.எஸ். வைப்பது தவறான தெரிவு. சிறிய புடைப்போடு சேர்ந்த உட்புற ஓடு பெரிய துண்டாகக் கழன்றிருந்தாலும் ஆபத்துண்டு; அழுத்தம் இறங்கும் பக்கத்தில் தாங்கல் இல்லாமற்போக, தலை உள்நோக்கிக் குனிந்து சரியும்.

இத்தகைய நிலையற்ற முறிவுகளுக்கே தொடையெலும்பின் உட்குழிக்குள் மேலிருந்து செலுத்தும் கோல் உதவுகிறது. "நெயில்" என்றே எல்லோரும் சொல்வர். மீண்டும் துலாவுக்கு வருவோம். தகடு எலும்பின் வெளிப்புறத்தில் இருக்கிறது. கோலோ குழியின் நடுவில், உடற்பாரம் இறங்கும் கோட்டுக்குச் சில சென்ரிமீற்றர் கிட்ட இருக்கிறது. தூரம் குறையும்போது அதே பாரம் உண்டாக்கும் திருப்பமும் குறைகிறது. அத்துடன், வெளிச்சுவர் உடைந்திருந்தாலும் உட்குழியிலுள்ள கோலே சுவராக நின்று தலைத்துண்டைத் தடுத்துவிடும். கோலின் தடிப்பும் முக்கியம். கெட்டியான உருளைக் கோலொன்றின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவதால், 10 மில்லிமீற்றருக்குப் பதில் 12 மில்லிமீற்றர்க் கோல் வளைவதை இரண்டு மடங்குக்கு மேல் எதிர்க்கும். ஆனாலும் கோல் எல்லாவற்றிலும் மேலானது என்று கொள்வது தவறு. 1980களின் இறுதியில் பரவிய முதல் தலைமுறைக் கோல்களின் கீழ்நுனியில் தகைப்புக் குவிந்து, தொடையெலும்பின் தண்டே முறிந்த சம்பவங்கள் பல. பின்னர் வடிவம் மாற்றப்பட்டதும் அவை குறைந்தன. நிலையான எளிய முறிவுக்கு டி.எச்.எஸ். இன்றும் போதுமானது. அதைவிட விலைகூடிய கோல் வைக்கவில்லையே என்று வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் மனவருத்தப்படத் தேவையில்லை.

தகடோ கோலோ, இரண்டிலும் தலையைப் பற்றுவது ஒரு திருகாணிதான். தோல்வி மிகுதியாக நிகழ்வதும் அங்குதான்: தலை குனிந்து சரிய, திருகாணி பஞ்செலும்பை உழுதுகொண்டு மேற்பக்கத்தால் வெளியே வந்துவிடும். ஆணி தன்னிடத்திலேயே நிற்க, சோறுதான் வழிவிடுகிறது. இதை முன்கூட்டியே சொல்ல உதவும் ஓர் எளிய அளவை 1995 இல் பௌம்கார்ற்னரும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள். முன்பின்னாக எடுத்த ஊடுகதிர்ப் படத்தில் திருகாணியின் முனையிலிருந்து தலையின் உச்சிப்புள்ளி வரையுள்ள தூரத்தை அளக்க வேண்டும். பக்கவாட்டுப் படத்திலும் அவ்வாறே அளந்து, படத்தின் உருப்பெருக்கத்தை அறிந்த திருகாணித் தடிப்பைக் கொண்டு திருத்தி, இரண்டையும் கூட்ட வேண்டும். அவர்கள் ஆராய்ந்த 198 முறிவுகளுள் இந்தக் கூட்டுத்தொகை 25 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவாக இருந்த 120 இல் ஒன்றிலேனும் திருகாணி வெட்டி வெளியேறவில்லை. வெளியேறிய 16 இலும் தொகை அதற்கு மேல். ஒரு அடிமட்டமும் இரண்டு படங்களும் இருந்தால் அளந்துவிடக்கூடிய இந்த எண், உலோகத்தின் விலைப்பட்டியல் சொல்வதைவிடப் பல மடங்கு கூடுதலாகச் சொல்கிறது.

இந்த அளவு சிறிதாக வேண்டுமானால் திருகாணி தலையின் நடுவில், ஆழமாக, மூட்டின் பரப்பைத் துளைக்காமல் நிற்க வேண்டும். அதற்கு முன்பே துண்டுகள் சரியாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். தலை குனிந்த நிலையில் விட்டுவிட்டு அதற்குள் எவ்வளவு அழகாகத் திருகாணி செலுத்தினாலும் பயனில்லை. குனிந்த தலையில் பாரத்தின் கை நீளமாகிவிடும். ஹேர்பேட் கௌபர் 1980 இல் இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னார்: பொருத்தியதன் உறுதி எலும்பின் தரம், முறிவின் வடிவம், துண்டுகளைச் சேர்த்த விதம், பொருளின் அமைப்பு, அதை வைத்த இடம் ஆகிய ஐந்தையும் பொறுத்தது. முதலிரண்டும் நோயாளியோடு வந்தவை. எஞ்சிய மூன்றுமே சத்திரசிகிச்சை நிபுணரின் கையில் உள்ளவை. அந்த மூன்றினுள்ளும் காசால் வாங்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். பஞ்செலும்பை வெட்டாமல் நெருக்கிச் செல்லும் சுருள் அலகு, தலைக்குள் இடும் சீமெந்து முதலிய புதிய வழிகள் மிக நலிந்த எலும்பில் பிடிமானத்தைக் கூட்டுகின்றன என்றாலும், பிழையான இடத்தில் வைத்ததை அவை சரியாக்குவதில்லை.

உலோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. துருப்பிடிக்காத உருக்கு எலும்பின் ஓட்டைவிட ஏறத்தாழ 10 மடங்கு விறைப்பானது. டைட்டேனியக் கலவை ஐந்தாறு மடங்கு. விறைப்புக் குறைந்தது எலும்போடு சற்று இணங்கி வளையும். ஆனால் கீறலும் வெட்டும் பட்ட இடத்தில் டைட்டேனியம் எளிதில் வெடிப்பெடுக்கும். எந்த உலோகமும் ஒரு தடவை தாங்கக்கூடிய பாரத்தைப் பல்லாயிரம் தடவை தாங்குவதில்லை. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்பதைப் பார்த்த எவருக்கும் இது விளங்கும். நாளொன்றுக்கு ஒரு காலுக்கு 1000 அடி எனக் கொண்டாலே 3 மாதத்தில் 90,000 வளைவுகள். எலும்பு கூடக்கூட பாரம் அதற்கு மாறி உலோகம் ஓய்வு பெறுகிறது. எலும்பு கூடவில்லையானால் கோல் தன் மிகப் பலவீனமான இடத்தில், அதாவது தலைத் திருகாணி ஊடுருவிச் செல்லும் துளையில், என்றோ ஒருநாள் உடையும். உடைந்த கோலைக் கண்டதும் "மட்டமான சாமான்" என்று முடிவுகட்டுவது எளிது. எலும்பு ஏன் கூடவில்லை என்பதே முதலில் கேட்க வேண்டியது.

இங்கு பலரிடம் ஒரு பயம் இருக்கிறது: அதிகம் நடந்தால் கம்பி விட்டுவிடும், ஆகவே மூன்று மாதம் கட்டிலில் வைத்திருப்போம் என்று. அன்பினால் செய்யும் இந்தக் காவல் பெருந்தீங்கு விளைவிக்கிறது. படுக்கைப் புண்ணும் நியுமோனியாவும் குருதிக்கட்டும் வரும் வழி அது; உலகெங்கும் இடுப்பு முறிந்த முதியோரில் ஐந்தில் ஒருவருக்குக் குறையாமல் ஓராண்டுக்குள் இறப்பதற்கு இந்தத் தொடர் விளைவுகளுக்கும் பங்குண்டு. பொருத்திவைக்கும் சத்திரசிகிச்சையின் நோக்கமே மறுநாள் எழுப்பி நிறுத்துவதுதான். முதியவர்களிடம் "கால்வாசிப் பாரம் மட்டும் வையுங்கோ" என்று சொல்வதும் நடைமுறையில் பலிப்பதில்லை. தடையின்றி நடக்க விட்டால் நோவுக்கு ஏற்பத் தாங்களே பாரத்தைக் குறைத்து வைத்து, எலும்பு கூடக்கூட அதைக் கூட்டிக்கொள்கிறார்கள் என்பது பாதவிசையை அளந்து காட்டப்பட்டிருக்கிறது. தவிர்க்க வேண்டியவை வேறு: தாழ்ந்த இருக்கையிலிருந்து கையூன்றாமல் எழும்புவது, பாயில் இருந்தெழும்புவது, குந்தியிருக்கும் மலசலகூடம், மாரிக்காலத்தில் பாசி படர்ந்த கிணற்றடி. குந்தி எழும்பும்போது விசை தலையை முன்னிருந்து பின்னாக முறுக்குகிறது. திருகாணியைச் சுற்றித் தலை சுழலப் பார்ப்பது அப்போதுதான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கொமோட் கதிரையும், சுவரில் ஒரு கைபிடியும், நான்கு கால் நடைதாங்கியும் வாங்கச் செலவிடும் பணம் மிக நல்ல செலவு.

பரம்பரை முறிவு நெரிவு வைத்தியத்தின் மேல் எங்கள் ஊர்களில் உள்ள நம்பிக்கைக்கு அடிப்படை உண்டு. முன்கையில் விலகாத முறிவைத் தப்பை வைத்துக் கட்டினால், மேலும் கீழுமுள்ள மூட்டுகளுக்கு இடையில் எலும்பைப் பிடித்துவைக்க முடிகிறது. இடுப்பில் அப்படி எதையும் பிடிக்க முடியாது. முறிவு தடித்த தசைகளுக்குள் புதைந்து கிடக்கிறது. அந்தத் தசைகளே துண்டுகளை ஓயாமல் மேலிழுத்து விலக்குகின்றன. வெளியிலிருந்து எந்தக் கட்டும் அவற்றை எட்டாது. எண்ணெய் பூசித் தேய்த்து, பற்றுப் போட்டுக் கழியும் நாட்கள் அனைத்தும் இந்த முறிவில் இழந்த நாட்கள்.

ஆறு கிழமை அளவில் எடுக்கும் படத்தைப் பார்த்துப் பல குடும்பங்கள் பதறுவதுண்டு. திருகாணியின் வால் முன்பிருந்ததைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கால் சற்றுக் குட்டையாகியிருக்கும். திருகாணி தன் போக்கிலேயே சில மில்லிமீற்றர் பின்வாங்கி, துண்டுகள் நெருங்கி, நோவும் குறைந்து வந்தால் அது அமர்தல்தான். திருகாணியின் முனை தலைக்குள் மேலேறியிருந்தாலோ, தலை குனிந்திருந்தாலோ, குறைந்த நோவு திடீரெனக் கூடி, கால் வெளிப்புறம் திரும்பிக் கிடந்தாலோ மறுநாளுக்குத் தள்ளாமல் கொண்டுபோக வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் மூன்று நான்கு மாதங்களில் எலும்பு கூடிவிடும். அதன்பின் உலோகத்தை எடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முதியவர்களில் அது உள்ளேயே விடப்படுகிறது. எடுத்தால் மிஞ்சும் அந்த வெற்றுத் துளையில் கழுத்து மறுபடியும் முறியக்கூடும்.